நேமத்தான்பட்டிக்கு ஆள் அனுப்பி வேவு பார்த்த என் மகனுக்கு

சிவமயம்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்டால் "ம்" என்பாய், அதோடு கடிதம் முடிந்துவிடும். போனில் பேசலாம் என்றால் "போன்ல வேண்டாம்மா, நேர்ல பேசலாம்" என்பாய். நேரில் வந்தால் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாய். நீ ராணுவ உத்தியோகத்தில் இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். நீ ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அதே "ம்". அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து நம் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லப் போகிறேன். உனக்குத் தனியாக அனுப்பினால் ஒரு தடவை படித்துவிட்டுத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுவாய். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படிக் கிழிக்கிறவன்தானே நீ. கடிதத்தின் தலையில் சிவமயம் போட்டிருக்கிறேனே தவிர, ரகசியம் என்று முத்திரை குத்தவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் உன் சித்தப்பா மகன் வரைக்கும் எல்லாரும் படிக்கட்டும்.

குழுவில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் மகள் உமையாள் கட்டிடக் கலை படித்துவிட்டு, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் காரைக்குடிக்கு வந்து என்னோடுதான் தங்கியிருக்கிறாள். நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பார்க்கப் போனவள், அந்த வீட்டுப் பையன் சொக்கலிங்கத்தைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள். பையன் சிங்கப்பூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டின் முன்கட்டை வெளியூர்க்காரர்கள் தங்கிப்போகிற விடுதியாக நடத்துகிறான். நம் நகரத்தார் வழக்கப்படி பார்க்கிற குலக்கோவிலும் பிரிவும் ஒத்துவந்தன. கோவிலூர்க் கோயிலில் வைத்து இரண்டு வீட்டாரும் பார்த்துப் பேசிக்கொண்டோம். என் மருமகள் வந்தாள். நீ வரவில்லை. "நீங்க பாத்தாச் சரிதான்" என்று சொல்லி அனுப்பினாய். மகளைப் பெற்றவன் சொல்கிற பேச்சா அது என்று அன்றைக்கே எனக்குக் கோபம். ஆனாலும் சம்மதம் சொல்லிவிட்டானே என்று விட்டுவிட்டேன்.

போன திங்கட்கிழமை உச்சி வெயிலில், நேமத்தான்பட்டிக்குள் ஒருவர் நடந்து வந்திருக்கிறார். காரை ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தாராம். முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கிற ஊர் அது. அந்த வெயிலில் கார் வைத்திருக்கிறவன் நடப்பானா என்று உனக்குத் தோன்றவில்லை, உன் ஆளுக்கும் தோன்றவில்லை. அவர் சொக்கலிங்கம் வீட்டு வாசலுக்கு வந்து சேருவதற்குள், இப்படி ஒருவர் வருகிறார் என்ற செய்தி போனில் அந்த வீட்டுக்குள் போய்விட்டது. வந்தவர் பழைய மரத்தூண் வாங்குகிற வியாபாரி என்று சொல்லியிருக்கிறார். உன்னிடம் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுபேதார் துரைச்சாமிதான் அவர் என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மிச்சத்தை மாப்பிள்ளைப் பையனின் தாயார் தெய்வானை ஆச்சியே மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அவர்கள் வாயாலேயே கேள்.

"ஆச்சி, தூணு வாங்க வந்தேன்னாரு. சரி பாருங்கண்ணேன்னு உள்ள விட்டேன். தூணைத் தொட்டுக்கூடப் பாக்கலை. சொவத்துல மாட்டியிருக்க போட்டோவுல இருக்கவுக யாரு யாருன்னு கேக்குறாரு. உங்க மகன் எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்காகன்னு கேக்குறாரு. தங்க வர்ற வெள்ளைக்காரவுக பாஸ்போர்ட்டு நகலு வாங்கி வைப்பீகளான்னு கேக்குறாரு. தூணு வாங்குற ஆளுக்கு அதெல்லாம் என்னத்துக்கு? வாசல்ல கழட்டுன பூட்சைப் பாத்தேன். கோடு கிழிச்சு வச்ச மாதிரி நிக்குது. சரிதான்னு நினைச்சுக்கிட்டு, மொதல்ல சாப்புடுங்கண்ணேன்னு எலையப் போட்டேன்."

வந்தவர் யார் என்று தெரிந்த பிறகும் வெண்டைக்காய் மண்டியும் அப்பளமும் வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும், "அண்ணே, ஜெனரல் ஐயாவுக்கு இன்னும் என்னென்ன தெரியணும்? எழுதிக்கிறீகளா?" என்று கேட்டார்களாம். துரைச்சாமி எழுந்து விறைப்பாக நின்று, "மன்னிச்சுக்கங்கம்மா. ஐயா சொன்னாக, வந்தேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் நீ வைத்த ஆட்கள் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். நேமத்தான்பட்டியில் உன் ஆள் ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் தாங்கவில்லை.

இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். தம்பி, நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் விசாரிக்காமல் யாரும் கொடுப்பதில்லை. ஏழு ஊரில் விசாரிப்போம். ஆனால் வாசல் வழியாகப் போய் விசாரிப்போம். காப்பி குடித்துக்கொண்டு, பையனுக்குக் குடி கிடி உண்டா என்று அவன் பெரியம்மாவிடமே கேட்போம். அவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு அவர்களும் நம் வீட்டில் வந்து அதையேதான் கேட்கப் போகிறார்கள். கேட்பது தப்பில்லை. வேஷம் போட்டுக்கொண்டு போய்க் கேட்டதுதான் தப்பு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற வீடு என்றதும் உனக்குப் பழைய புத்தி வந்திருக்கும். அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் தரையில் பதித்த பூக்கல்லைப் போட்டோ எடுக்கிறார்கள், கந்தரப்பம் எப்படிச் சுடுவது என்று கேட்கிறார்கள். அதில் என்ன நாட்டு ஆபத்தைக் கண்டாய் என்று எனக்கு விளங்கவில்லை.

உன் உத்தியோகத்தைக் குறை சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நம் வீடுகளில் பையன் பதினேழு வயதானால் மாமன் கடையிலோ சித்தப்பா கம்பெனியிலோ போய் உட்காருவான். நீ யாரிடமும் சொல்லாமல் பட்டாளப் பரீட்சை எழுதினாய். மதுரைக்கு நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேர்முகத் தேர்வுக்கு வடக்கே போய்வந்தாய். செட்டியார் வீட்டுப் பிள்ளை துப்பாக்கி தூக்கப் போகிறதா என்று ஊரே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர், உங்கள் அப்பச்சி, ஒரு வருடம் உன்னோடு பேசவில்லை. பயிற்சி முடிகிற அன்று மகன் தோளில் பெற்றவர்கள்தான் நட்சத்திரம் குத்திவிட வேண்டும் என்று அழைப்பு வந்ததும், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ரயிலேறியது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தோளில் நான் குத்தினேன், மறு தோளில் அவர் குத்தினார். அவருக்குப் பழக்கமில்லை, ஊசி உன் தோளில் ஏறிவிட்டது. நீ முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு அதை வீரம் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது என் பாடு. மாதம் ஒரு கடிதம் வரும். "நலம். குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். அனுப்பியவர் முகவரி என்று ஒரு எண், அதன் கீழே ராணுவத் தபால் என்று போட்டிருக்கும். பனிமலையில் இருந்தபோதும் அதே எண், பாலைவனத்தில் இருந்தபோதும் அதே எண். ஊர்க்காரர்கள் உன் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் நான் வடக்கே கையைக் காட்டுவேன். காப்டன் ஆனாய், மேஜர் ஆனாய். ஒரு தடவை விடுப்பில் வந்தபோது சாமி கும்பிட உட்கார்ந்தவனுக்கு இடது காலை மடக்க முடியவில்லை. என்ன என்று கேட்டேன். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாய். முழங்காலுக்கு மேலே இருந்த தழும்பை நான் பார்த்தேன். வழுக்கி விழுந்தால் அப்படி ஒரு தழும்பு வராது என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. இன்று வரை நீ சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

உன் வாயடக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே இருந்தவர்கள் உன்னை உளவு வேலைக்கு எடுத்தார்கள் போலிருக்கிறது. யாருக்கோ வசதியாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு கடிதமும் நின்றது. ஒரு டெல்லி எண் கொடுத்தாய், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொன்னாய். உங்கள் அப்பச்சிக்கு மூச்சு முட்டியபோது அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் இந்தியில் மரியாதையாகப் பேசினார், செய்தி சேர்க்கப்படும் என்றார். எங்கே சேர்ப்பீர்கள், என் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். செய்தி சேர்க்கப்படும் என்று மறுபடியும் சொன்னார். அப்பச்சி வாசலைப் பார்த்தபடியே போனார். கொள்ளி வைத்தது உன் சித்தப்பா மகன். எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகு நீ வந்தாய், தாடியோடு, கறுத்துப்போய். அவர் உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். எங்கேயப்பா இருந்தாய் என்று உன் பெரியப்பா கேட்டார். "வேலையா இருந்தேன்" என்றாய். அந்த ஒரு சொல்லை நான் இத்தனை வருடம் வயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிரிகேடியர் ஆனதும் தெரியாது, மேஜர் ஜெனரல் ஆனதும் தெரியாது. கடைசியில் நீ ராணுவ உளவுப் பிரிவுக்கே தலைவன் ஆனாய். அதை எனக்குச் சொன்னது இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிற பெண். "ஆச்சி, உங்க மகன் மிலிட்டரி சி.ஐ.டி.க்கே தலைவராயிட்டாகளாமே, பேப்பர்ல படத்தோட போட்டிருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்று என்னைக் குறை சொல்லிவிட்டுப் போனாள். மகன் சொல்லாததை மாவுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்கு முன்னமே தெரியும், அவன்தான் சொல்லக் கூடாது என்றான் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். "ம். சாப்பிட்டீகளா?" என்றாய். இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போகட்டும். நான் பெற்றவள், பழகிவிட்டேன். இப்போது உன் மகள் கதைக்கு வருகிறேன். துரைச்சாமி வந்து போனது அன்று மாலையே உமையாளுக்குத் தெரிந்துவிட்டது. சொக்கலிங்கமே போனில் சொன்னான், கோபமாகக்கூட இல்லை, கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முற்றத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பத்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எல்லாம் சொல்லிருப்பேனே. நான் யாரைக் கட்டிக்கிறேன்னு துரைச்சாமி மாமா சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியணுமா?"

"அவன் உன் நல்லதுக்குத்தானடி செஞ்சான்" என்றேன். பெற்ற பாசம், விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"எனக்கும் ஒரு ஃபைல் வச்சிருப்பாரா அப்பத்தா?" என்று கேட்டாள்.

அவளும் என்னைப் போலத்தானே, ஊர் ஊராகக் கன்டோன்மென்ட் பள்ளிக்கூடம் மாறி, அப்பா எங்கே என்று கேட்டால் கையைக் காட்டி வளர்ந்தவள். அப்பா நேரில் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து பேசாமல் முகூர்த்தம் குறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ போன் பண்ணியும் அவள் எடுக்கவில்லை, இல்லையா? எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை. பதில் வராத போன் எப்படி இருக்கும் என்று உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

இப்போது தெய்வானை ஆச்சி என் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். சண்டைக்கு வருகிறார்கள், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் நான் காப்பி போட்டேன். வந்தவர்கள் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்தார்கள். காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, உங்க மகன் எங்களை விசாரிச்சுட்டாக. இப்ப எங்க முறை" என்றார்கள். "தாராளமாக் கேளுங்க" என்றேன். என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். உங்க மகன் எப்படிப்பட்டவுக?"

தம்பி, நான் "லெப்டினன்ட் ஜெனரலா இருந்தான், பெரிய பெரிய மெடல்..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் பேப்பர்லயே போட்டுட்டாகளே ஆச்சி. எப்படிப்பட்டவுகன்னுதான் கேக்குறேன். கோவம் வந்தா எப்படி இருப்பாக? யாருக்காச்சும் ஒண்ணுன்னா மனசு கேக்குமா? என் மகன் நாளைக்கு அவுக முன்னால போயி உக்காரணும்ல?" என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. நீ அழுது பார்த்ததில்லை. உனக்கு இப்போது என்ன சாப்பாடு பிடிக்கும் என்பதுகூட என் மருமகளைக் கேட்டால்தான் தெரியும். எதிரி நாட்டில் யார் எப்படிப்பட்டவன் என்று உன்னைக் கேட்டால் சொல்வாயாம். நான் பெற்ற பிள்ளை எப்படிப்பட்டவன் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வெளி ஆளுக்கு முன்னால் அப்படித் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எவ்வளவு அவமானம் தெரியுமா?

தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். எனக்குத் தெரிந்த பையனைப் பற்றிச் சொன்னேன். இது எனக்குத் தெரியும் என்று உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. உளவுப் பிரிவுத் தலைவனுக்கே தெரியாத ஒரு ரகசியம் என்னிடம் இருந்தது என்று வைத்துக்கொள்.

உனக்குப் பதினோரு வயது. நம் வீட்டுப் படைப்பு. குழுவில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், படைப்பு என்றால் பங்காளிகள் எல்லாரும் கூடி, வீட்டில் வாழ்ந்து போனவர்களுக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். படைக்கிற வரைக்கும் பணியாரத்தில் ஒரு துணுக்கை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அன்றைக்குப் பார்த்தால் உள்ளறையில் ஒரு தட்டு காலி. அறை வாசலில் நின்றது நீ ஒருத்தன்தான். எல்லாருக்கும் முன்னால் அப்பச்சி உன்னைக் கேட்டார். நீ தின்றேன் என்றும் சொல்லவில்லை, தின்னவில்லை என்றும் சொல்லவில்லை. அதில்தான் அவருக்கு வெறி வந்துவிட்டது. விசிறிக் காம்பு முறிகிற வரைக்கும் அடித்தார். மறுபடியும் மாவு கரைத்து, சுட்டு, படைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. உன்னைப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

நீ பட்டாளப் பயிற்சிக்குப் போன பிறகு ஒருநாள், நம் வீட்டுப் பின்கட்டு அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டு இருந்த சிகப்பி ஆச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நம் பங்காளி வீட்டில் வாழ்க்கைப்பட்டுச் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர்கள். படுக்கையில் கிடந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"அன்னைக்குப் பணியாரத்தைத் தின்னது நாந்தான் ஆத்தா. ரெண்டு நாளா அடுப்புப் பத்த வைக்கலை, யாருட்டப் போயிச் சொல்ல? தம்பி பாத்துருச்சு. பாத்துட்டு, கதவைச் சாத்திக்கிட்டு வாசல்ல போயி நின்னுருச்சு. யாரும் உள்ள வந்துறக் கூடாதுன்னு நின்னுச்சு ஆத்தா. அம்புட்டு அடி வாங்குனப்பயும் நான் நின்ன பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. பாத்தா யாருக்காச்சும் தெரிஞ்சு போகும்ல."

ஒரே வீட்டுக்குள் அவர்களுடைய அடுப்பு எரிகிறதா என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினோரு வயதுப் பயல் பார்த்திருக்கிறான். தெய்வானை ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் ஆச்சி. இந்தப் பையனோட மகளைக் கட்டிக்க என் மகனுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். எழுந்து வாசல் வரைக்கும் போனவர்கள் திரும்பி நின்று, "அந்தப் பையன் இன்னமும் இருக்காகளா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள்.

அன்றிலிருந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயை மூடிக்கொள்வது உனக்கு உத்தியோகம் கற்றுக்கொடுத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, உனக்கு அது முன்னமே இருந்தது. ஆனால் அன்று நீ வாயை மூடியது ஒரு பசித்த மனுஷியைக் காப்பாற்ற. கன்டோன்மென்ட்டிலும் எல்லையிலும் மூடியது நாட்டைக் காப்பாற்ற, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இப்போது யாரைக் காப்பாற்ற மூடிக்கொண்டிருக்கிறாய்? என்னிடமிருந்தும் உன் மகளிடமிருந்தும் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

ஆகவே வரும் வெள்ளிக்கிழமை காலை நேமத்தான்பட்டிக்கு வருகிறாய். காரை வீட்டு வாசலிலேயே நிறுத்து. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். துரைச்சாமியையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்குத் தெய்வானை ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது. சொக்கலிங்கத்திடம் கேட்க வேண்டியதை எல்லாம் நீயே உன் வாயால் கேள். கடன் உண்டா என்று கேள், கோபக்காரனா என்று கேள், வெள்ளைக்காரர் பாஸ்போர்ட்டைக்கூடக் கேள். அந்தப் பையன் நேராகப் பதில் சொல்லுகிறவன். இரண்டு வீட்டாரும் ஒரே ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதான் நாளைக்குக் கல்யாண ஒப்பந்தமான இசைவை எழுதப் போகிறீர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அதை எப்படி எழுத முடியும்?

அப்புறம் அவர்கள் உன்னைக் கேட்பார்கள். என்னைக் கேட்ட அதே கேள்விதான். நான் பதினேழு வயது வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேலே உள்ளதை நீதான் சொல்ல வேண்டும். நாட்டு ரகசியம் ஒன்றும் யாருக்கும் வேண்டாம். எந்த மலை, எந்த எல்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. காலில் அந்தத் தழும்பு எங்கே வாங்கியது என்று சொல்ல வேண்டாம், இப்போதும் வலிக்கிறதா என்று சொல். அப்பச்சி போன செய்தி வந்தபோது எந்த ஊரில் இருந்தாய் என்று சொல்ல வேண்டாம். கேட்டதும் என்ன செய்தாய் என்று சொல், யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்று சொல். உன் மகளும் அங்கே இருப்பாள். அவள் கேட்ட ஃபைல் கேள்விக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.

இதைப் படித்ததும் குழுவில் பதில் போடு. கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நழுவினாயோ, அடுத்த கடிதத்தில் நீ சின்ன வயதில் படுக்கையை நனைத்த கதையெல்லாம் வரும், கோலாலம்பூர் வரைக்கும் படிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் நானும் உட்கார்ந்திருப்பேன். பேத்திக்குச் சம்பந்தம் பேசுவதற்காக வருகிறேன் என்று நினைக்காதே, அதை நாங்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டோம். என் மகன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் வருகிறேன்.

அம்மா